வாசலுக்கு நேரே நின்ற தூண்

டிச. 22, திங்கள்

பனி. மேலூர் ரோட்டுல எதிர் வண்டி தெரியல. மாட்டுத்தீவனத்துக்கு எடுத்த பருத்திக்கொட்டை லோடு நம்ம ஒத்தக்கடை குடோனுக்கு வந்து சேர மதியம் ஆச்சு. மேல் மூட்டையெல்லாம் ஈரம். டிரைவரைத் திட்டினேன். அவன் பனியைத் திட்டினான்.

கொள்முதலுக்குப் போயிட்டுத் திரும்பி, இன்னைக்குத்தான் ஊருக்குப் போக முடிஞ்சுது. வரிக்குதிரை வீட்டைப் பார்க்க. அலங்காநல்லூர்ப் பக்கம் நம்ம ஊர்ல, பெரியாத்து அணைத் தண்ணி வந்த புதுசுல ஒரு துரை கரும்பு போட வந்து கட்டின பண்ணை வீடு. அவன் சீமையில அவன் அப்பன் வீடு எப்படியோ அதே மாதிரி. கறுப்புக் கட்டை, நடுவுல வெள்ளைச் சுவர், திரும்பக் கறுப்புக் கட்டை. அதான் ஊர்க்காரன் வச்ச பேரு வரிக்குதிரை. துரைக்கப்புறம் ஊர்ப் பண்ணையார் வாங்கினாரு, இப்ப இருக்கிற சௌந்தரோட தாத்தா. ஊர்ல 'பெரியவர்'னாலே அவர்தான். இப்ப என்னுது. தை பிறந்ததும் பால் காய்ச்சிக் குடி போறதா ஏற்பாடு.

கதவைத் திறந்தா கூடம் பெரிசாத் தெரியுது. என்னடா இதுன்னு நின்னேன். அப்புறம்தான் உறைச்சுது. நடுத்தூணைக் காணோம்.

முன்வாசலுக்கு நேரே, கூடத்து நடுவுல நின்ன தூண். ஒரு ஆள் கட்டிப் பிடிச்சா கை எட்டாது. இப்பக் கருங்கல் பாதம் மட்டும் இருக்கு. மேல உத்திரம் நடுவுல தொங்குது. மாடித் தரை பள்ளம். ஓடு சரிஞ்சு வானம் தெரியுது.

மச்சினன் ரவிக்கு போன் போட்டேன். என் வீட்டுக்காரி பாண்டியம்மாவோட தம்பி. சாவியை அவன்கிட்டதான் குடுத்துட்டுப் போனேன், என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

"வாஸ்து மச்சான். வாசலுக்கு நேரா தூணு நின்னா வாசக்குத்து. குடும்பத் தலைவருக்கு ஆகாதாம். அதான் கொத்தனாரை வச்சு அறுத்து எடுத்துட்டோம்."

"யாரைக் கேட்டு எடுத்த?"

"உங்க நல்லதுக்குத்தான் மச்சான்."

"வீடு தொங்குதுடா!"

"தொங்காது மச்சான். சுவரு தாங்கும். கொத்தனாரு தட்டிப் பார்த்துட்டாரு."

தட்டிப் பார்த்தானாம். தேங்காயா?

டிச. 23, செவ்வாய்

நாகமலை புதுக்கோட்டையில இருந்து ஒரு இன்ஜினியரம்மாவைக் கூட்டிட்டு வந்தேன். பழைய கட்டடம் பார்க்கிறவங்க. இதுக்கு முன்னாடி கேட்ட இன்ஜினியர் பயலுக எல்லாம் போன்லயே "இடிச்சிட்டு காங்கிரீட் போட்டுருங்க சார்"னு சொன்னானுக. இந்தம்மா வந்தாங்க, குனிஞ்சாங்க, மாடிக்கு ஏறாம கீழ நின்னே டார்ச் அடிச்சாங்க. அப்புறம் சுவர்ல பூச்சு பெயர்ந்த இடத்தை விரலால சுரண்டினாங்க. உள்ள மூங்கில் பிளாச்சு, களிமண், வைக்கோல். அம்புட்டுதான்.

"நம்ம ஊர் வீட்டுல சுவர் தாங்கும், தூண் துணைக்கு நிக்கும். இது தலைகீழ் சார். கட்டைதான் எலும்பு, சுவர் தோல். சுவரைப் பூராவும் உருவிட்டாலும் வீடு நிக்கும். தூணை எடுத்தா நிக்காது."

கொத்தனாரும் பக்கத்துல நின்னான். "அப்ப இம்புட்டுச் சுவரு எதுக்கும்மா?"

"காத்து மறைக்க."

சுவரையே பார்த்துக்கிட்டு நின்னான். பொண்ணு வீட்டுல சொன்னதை நம்பிப் பத்திரிகை அடிச்சவன் மாதிரி. பாவம் அவனைச் சொல்லி என்ன. பரம்பரையா சுவரை நம்பினவன். என் கோபமெல்லாம் ரவி மேலதான்.

இன்ஜினியரம்மா இன்னும் சொன்னது: மொத்த வீட்டுலயும் இரும்பாணி இல்ல, துளை போட்டு மர ஆணி அடிச்சுக் கோத்திருக்கு. மூலையில தாங்குற வளைஞ்ச கட்டையெல்லாம் வளைச்சது இல்ல, வளைஞ்சு வளர்ந்த மரமாப் பார்த்து வெட்டினது. கூரை இம்புட்டுச் செங்குத்தா இருக்கிறது பனிக்கட்டி வழிஞ்சு விழுகிறதுக்கு. கூடத்துல குளிர்காயச் செங்கல் அடுப்பு, புகைபோக்கியோட. மதுரையில! சித்திரை வெயில்ல அந்தத் துரை அதுக்கு முன்னாடி உட்கார்ந்து என்னத்தைக் காய்ஞ்சானோ.

மத்தியானம் குடோன்ல இருந்து லோடுமேன்களை வரச் சொல்லி, லாரி ஜாக்கி, சவுக்குக் கட்டை வச்சு உத்திரத்துக்கு முட்டு. "பருத்திக்கொட்டை தூக்கச் சொன்னா தூக்குவோம், பங்களாவைத் தூக்கச் சொல்லுறீகளே முதலாளி"ன்னு ஒருத்தன். சிரிச்சுக்கிட்டே தூக்கினானுக. ஒரேயடியாத் தூக்கினா உத்திரம் கீறிடுமாம். தினமும் கொஞ்சம் கொஞ்சமா.

இரும்புத் தூண் வச்சிரலாமான்னு கேட்டேன். வைக்கலாம், ஆனா சாய்வுக் கட்டைகளை எதுல கோக்கிறதுன்னாங்க. புதுமரம் காயக் காயச் சுருங்கும், உத்திரம் திரும்ப இறங்கும். பழைய தூண் கிடைச்சா அதுதான் உத்தமம். காய வேண்டியதெல்லாம் எப்பவோ காய்ஞ்சு முடிஞ்சது.

சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். "இவ்வளவு கஷ்டப்பட்டு இந்த வீடு எதுக்கு சார்?"னு கேட்டாங்க. எப்பவும் சொல்றதைத்தான் சொன்னேன். எங்க அப்பா கருப்பன் அந்தப் பண்ணையில மாடு மேய்ச்சவரு. தொழுவம் வரைக்கும்தான் அவருக்கு அனுமதி. சாகிற வரைக்கும் அந்த வீட்டு முன்வாசலை மிதிச்சதில்ல. எங்க பரம்பரையில முன்வாசல் வழியா உள்ள போன முதல் ஆளு நான்.

பாண்டியம்மா ரசம் ஊத்திக்கிட்டு இருந்தவ, கரண்டியைச் சட்டியில போட்டுட்டு அடுப்படிக்குப் போயிட்டா. வந்தவங்க முன்னாடி என்ன பழக்கம் இது.

டிச. 24, புதன்

தூண் எங்கடான்னு ரவியைப் பிடிச்சேன். காலையில இருந்து போன் எடுக்கல, நேர்ல போய்ப் பிடிச்சேன். தலையைச் சொறியுறான்.

"நல்ல காரியத்துக்குத்தான் குடுத்தேன் மச்சான். விழாக் கமிட்டிக்கு."

"எந்தக் கமிட்டி?"

"ஜல்லிக்கட்டுக் கமிட்டி. வாடிவாசலுக்குக் கட்டை உளுத்துப்போச்சுன்னாங்க. நல்ல தேக்கு, காளை முட்டினாலும் அசையாது. உங்க பேருக்குப் பெருமைதானேன்னு..."

நேரா வாடிவாசலுக்கு வண்டியை விட்டேன். காளை வெளிய பாயுற வாசல்ல, இடது பக்கம், என் வீட்டுத் தூண். மண்ணுல ஆழமாப் புதைச்சு, மஞ்சள் பூசி, குங்குமம் வச்சு. இடுப்பு உயரத்துல ஒரு இரும்பு வளையம் இருக்கும் அந்தத் தூண்ல. அதுல மாலை தொங்குது. ஒரு கிழவி விழுந்து கும்பிட்டுப் போகுது.

வீட்டு எலும்பை உருவி மாட்டுக்குக் குடுத்திருக்கான் என் மச்சினன்.

டிச. 26, வெள்ளி

கமிட்டித் தலைவர் சௌந்தர். பெரியவரோட பேரன். நான் சின்னப்பயலா இருந்தப்ப அவங்க வீட்டுல என்னைக் கூப்பிட்டது "ஏலேய்". வியாபாரம் நிமிர்ந்தப்புறம் "அண்ணே". வெயில் மாறினா தலைப்பாகையை மாத்திக் கட்டுற மாதிரி.

"வாங்கண்ணே, காபி சாப்பிடுங்க."

"காபி வேணாம் தம்பி. தூண் வேணும். என்னைக் கேட்காமக் குடுத்தது அது. பதிலுக்கு நல்ல கட்டையா நானே இறக்கித் தாரேன்."

"அய்யய்யோ. கால் நட்டுப் பூசை போட்டாச்சுண்ணே. இனி அது கட்டை இல்ல, சாமி. பிடுங்கினா ஊருக்கு ஆகாது. காளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"வீடு விழுந்தா?"

"அது பழைய வீடுதானேண்ணே. இடிச்சிட்டு மண்டபம் கட்டுங்க. உங்களுக்கு இல்லாத வசதியா?"

கூட நின்ன ரெண்டு பேரு தலையை ஆட்டுறானுக. அந்தக் கமிட்டியில எங்க தெருக்காரன் ஒருத்தன் கிடையாது, என்னைக்கும் இருந்ததில்ல. ஆனா கட்டை மட்டும் நம்ம வீட்டுக் கட்டை.

வெளிய வந்தப்புறம்தான் நல்ல பதிலெல்லாம் வாயில வந்துச்சு. வண்டியில தனியாப் பேசிக்கிட்டே வந்தேன்.

டிச. 27, சனி

பனி குறைவு. புண்ணாக்கு விலை ஏறும் போலத் தெரியுது. குடோன்ல எலி.

தச்சாசாரியைப் பார்த்தேன். கட்டை கிடைச்சா திரும்ப நிறுத்தித் தருவியான்னேன். "மார்கழியில தூண் நடக்கூடாதுங்க. தை பிறக்கட்டும்." அப்ப வாடிவாசல்ல நட்டானே, அது என்ன மாசம்? "அது காளைக்குங்க." ஆக மாட்டுக்கு மார்கழி இல்ல. மனுசனுக்குத்தான் மார்கழி.

இன்ஜினியரம்மா தூணைப் பார்க்கணும்னாங்க, வாடிவாசலுக்குக் கூட்டிட்டுப் போனேன். மாலையை ஒதுக்கி, அந்த வளையத்தை ரொம்ப நேரம் பார்த்தாங்க.

"குதிரை கட்டினதா இருக்குமோம்மா?"

"கூடத்துக்குள்ள எந்தத் துரை சார் குதிரை கட்டுவான்? பாருங்க, கட்டைக்குத் தார் பூசினது துரை காலத்துல. வளையத்தோட ஆணி அந்தத் தாரை உடைச்சுக்கிட்டு இறங்கியிருக்கு. பின்னாடி வந்தவங்க அடிச்சது."

"எதுக்கு அடிச்சாங்க?"

"அதைக் கட்டை சொல்லாது சார்."

டிச. 29, திங்கள்

எழுதவே கை வரல. எழுதாமலும் இருக்க முடியல.

மத்தியானச் சாப்பாட்டுல ரவியை வாய்க்கு வந்தபடி பேசினேன். அவ தம்பியைப் பேசினா பதிலுக்கு ரெண்டு பேசுறவ, இன்னைக்குக் குழம்பை மட்டும் ஊத்திக்கிட்டே இருந்தா. கடைசியில தட்டை எடுத்துட்டுச் சொன்னா:

"அவனைத் திட்டாதீக. வாஸ்துக்காரரைக் கூட்டிட்டு வந்தது நான். தூணை எடுக்கச் சொன்னதும் நான்."

"நீயா? உனக்கு எதுக்குடி வாஸ்து?"

"வாஸ்து எனக்கு எதுக்கு. தூணு போகணும், அதுக்கு ஒரு காரணம் வேணும். வீடு தொங்கும்னு எனக்குத் தெரியாது, அது தப்புதான்."

"எதுக்குப் போகணும்?"

"மாமா அந்த வீட்டு முன்வாசலை மிதிச்சதே இல்லைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறீகளே. மிதிச்சிருக்காக. ஒரே ஒரு தடவை."

அப்புறம் சொன்னா. பெரியவரோட காளை. எவனும் கை வைக்காத காளை. ஜல்லிக்கட்டுல எங்க அப்பா அதோட திமிலைப் பிடிச்சு அணைஞ்சுட்டாரு. மாடு மேய்க்கிறவன், அந்த மாட்டுக்குத் தண்ணி காட்டினவன், ஊரு முன்னாடி அதை நிறுத்திட்டான். அன்னைக்குச் சாயந்தரமே ஆள் விட்டு இழுத்துட்டு வந்து, முன்வாசல் வழியாக் கொண்டு போய், அந்தத் தூண்ல வளையம் அடிச்சு, கையைச் சேர்த்துக் கட்டி...

"கதவை விரியத் திறந்து வச்சாகளாம். தூணு வாசலுக்கு நேரால்ல இருக்கு. வெளிய முத்தத்துல நின்னாத் தெரியும். ஊரையே வரச்சொல்லி நிக்க வச்சிருக்காக. அத்தையும் நின்னாகளாம். உங்களை வயித்துல வச்சுக்கிட்டு."

"எனக்கு ஏன் யாரும் சொல்லல?"

"அத்தை சாகிறப்ப எங்கிட்ட மட்டும் சொன்னாக. அவன்கிட்ட சொல்லிராத, வெட்டிப்புட்டு ஜெயிலுக்குப் போயிருவான்னாக. நீங்க அந்த வீட்டை வாங்கினப்பவே எனக்குச் சோறு இறங்கல. அந்தத் தூணைத் தினமும் பார்த்துக்கிட்டு நான் எப்படி அங்க அடுப்பு மூட்டுவேன்?"

டிச. 30, செவ்வாய்

கடைக்குப் போகல.

அப்பாவோட வலது மணிக்கட்டு கோணல். மாடு முட்டினதுன்னு சொல்வாரு. எல்லாத்துக்கும் மாடுதான் காரணம் அவருக்கு. ஜல்லிக்கட்டுப் பார்க்கப் போறேன்னு சொன்னா மட்டும் கத்துவாரு. மத்தபடி கோபமே வராத மனுசன்.

வளையத்துல மாலை போட்டிருக்கான். அந்த வளையத்துல.

ஜன. 1, வியாழன்

புது வருசம். போன்ல வாழ்த்து வந்துக்கிட்டே இருக்கு, அணைச்சு வச்சுட்டேன்.

அம்மா பயந்த மாதிரி ஆத்திரம் இருந்துச்சு. ஆனா நான் வெட்டுறவன் இல்ல, வியாபாரி. எதிராளிக்கு எது விக்க முடியாத சரக்குன்னு பார்த்து அதைக் கேட்கணும். குளிச்சு, வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு சௌந்தர் வீட்டுக்குப் போனேன். கமிட்டிக்காரனுக பூராப் பேரும் இருந்தானுக. நல்லதாப் போச்சு.

"தம்பி, தூண் அங்கேயே நிக்கட்டும். நான் கேட்கல."

முகமெல்லாம் பல்லு. "உங்க மனசு யாருக்கு வரும்ணே!"

"ஆனா உபயம் சொல்லணும். ஒரு சில்வர் அண்டா குடுக்கிறவன் பேரையே மைக்ல சொல்றீங்க. இது வாடிவாசல் தூண்."

"இதைக் கேட்கணுமாண்ணே? உங்க பேரை ஒவ்வொரு காளைக்கும் சொல்லச் சொல்றேன்."

"என் பேரு வேணாம். எங்க அப்பா பேரு. முதல் காளை அவுக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை. நான் சொல்ற மாதிரியே. 'பெரியவர் காளையை அணைஞ்ச கருப்பனை, அணைஞ்ச குத்தத்துக்குக் கட்டி வச்சு அடிச்ச தூண் இது. உபயம், கருப்பன் குடும்பம்.'"

உள்ள ஓடிக்கிட்டு இருந்த மிக்சி நின்னுச்சு.

"அண்ணே... அதெல்லாம் எந்தக் காலத்துக் கதை. இப்பப் போய்..."

கதையான்னு கேட்பான், எவன் சொன்னான்னு கேட்பான்னு நினைச்சுத்தான் போனேன். கேட்கல. அவனுக்குத் தெரியும். அங்க உட்கார்ந்திருந்த பெரிய ஆளுக எல்லாருக்கும் தெரியும். தரையைப் பார்க்கிறானுக. ஊரே நின்னு பார்த்தது, தெரியாம இருக்குமா? தெரியாதது எனக்கு மட்டும்தான். என்கிட்டயே புண்ணாக்கு வாங்கிக்கிட்டு, அண்ணே அண்ணேன்னு...

"மைக்ல சொல்லு, இல்ல தூணைக் குடு. யோசிச்சுச் சொல்லு தம்பி"ன்னு எந்திரிச்சு வந்துட்டேன். காபி வந்துச்சு. குடிக்கல.

ஜன. 3, சனி

விடிஞ்சு போனா வரிக்குதிரை வீட்டு வாசல்ல தூண் கிடக்கு. டிராக்டர் தடம் இருக்கு, ஆள் இல்ல. மாலை இல்ல, குங்குமத்தைத் தண்ணி விட்டுக் கழுவியிருக்கானுக. வாடிவாசல்ல இப்ப ஒரு தென்னங்கட்டை நிக்குதாம்.

பிடுங்கினா ஊருக்கு ஆகாத சாமி. ஒரு வாக்கியத்தை மைக்ல சொல்றதுக்குப் பதிலா பிடுங்கிட்டானுக. சாமியை விட அந்த வாக்கியம் கனம் போல.

ஜெயிச்ச மாதிரி இருக்கணும். இல்ல. கோபம் கூடித்தான் இருக்கு. சொல்லியிருக்கலாம்ல, ஒரே ஒரு தடவை?

பாண்டியம்மாவுக்குச் சேதி எனக்கு முன்னாடியே போயிருச்சு, ரவி மூலமா. "மைக்ல சொல்லச் சொன்னீகளாமே!"ன்னு கேட்டுட்டு, முந்தானையை வாயில வச்சுக்கிட்டுச் சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே அழுதா. ரவி சாப்பிட வந்திருந்தான். சோறு போடச் சொன்னேன். திட்டல.

ஜன. 7, புதன்

உத்திரம் பழைய மட்டத்துக்கு வந்திருச்சு. தச்சாசாரிகிட்ட, "புதுசா நடலப்பா, இருந்ததை இருந்த இடத்துல வைக்கிறது, இதுக்கு மார்கழி கிடையாது"ன்னு பேசிச் சம்மதிக்க வச்சேன். ஆள் வந்தும் அரை நாள் வெத்திலை போட்டான். அறுத்ததுல உயரம் குறைஞ்சதுக்கு அடியில கருங்கல்லை ஏத்தி, மேல் முனையில தேக்குத் துண்டு கோத்து, மர ஆணி. முட்டுக் கட்டையை எடுத்தப்ப வீடு ஒரு தடவை முனகுச்சு. எல்லாரும் வெளிய ஓடினோம், கொத்தனார்தான் முதல்ல. அப்புறம் சத்தமே இல்ல. நின்னுக்கிச்சு.

வளையம் முன்ன மாதிரியே வாசலைப் பார்த்து.

"வளையத்தை எடுத்துரலாமா சார்?" இன்ஜினியரம்மா கேட்டாங்க. "துரை கட்டின வீட்டுல அது கிடையாதே."

"துரை வீட்டுல கிடையாதும்மா. எங்க வீட்டுல உண்டு."

எதுக்குன்னு சொன்னேன். கேட்டுட்டு, வளையத்துல ஒட்டியிருந்த மஞ்சளைத் துணியால துடைச்சாங்க.

ஜன. 9, வெள்ளி

பாண்டியம்மா வந்தா. முன்வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு நேராத் தூண்கிட்ட போனா. நான் பின்னாடியே போகல. வளையத்தைப் பிடிச்சு இழுத்துப் பார்த்தா. அசையல. சுத்துமுத்தும் பார்த்துட்டு, "ஒரு பை மாட்ட இந்த வீட்டுல ஆணி இருக்கா?"ன்னா.

"இரும்பாணியே கிடையாதுடி இந்த வீட்டுல."

கையில இருந்த தூக்குவாளியை அந்த வளையத்துல மாட்டிட்டு விளக்குமாத்தை எடுத்தா.

ஜன. 12, திங்கள்

நல்ல வெயில். சுண்ணாம்பு அடிச்சு முடிஞ்சுது. வரி பளிச்சுன்னு இருக்கு. பாலுக்குச் சொல்லணும். புதுப்பானை, மஞ்சக்கொத்து. மாடித் தண்ணிக் குழாய் ஒழுகுது.

பத்து மணி போல சௌந்தர் வந்தான், விழா நோட்டீஸ் குடுக்க. தனியா.

"உள்ள வாங்க தம்பி."

செருப்புல இருந்து காலை எடுத்தான். நிமிர்ந்தான். கதவு விரியத் திறந்து கிடக்கு, நேரே தூண். வளையம். வளையத்துல தூக்குவாளி. ஒரு காலைப் படியில வச்சவன், திரும்பச் செருப்புக்குள்ள விட்டுட்டான்.

"இருக்கட்டும்ணே. இன்னும் நிறைய வீட்டுக்குப் போகணும்."

பாண்டியம்மா வளையத்துல இருந்து தூக்குவாளியை எடுத்து, டம்ளர்ல மோர் ஊத்திக் கொண்டு போனா. "வெயில்ல வந்திருக்கீக, குடிங்க." படிக்குக் கீழ, முத்தத்துல நின்னே குடிச்சான். குடிச்சு முடிச்சிட்டு டம்ளரை எங்க வைக்கிறதுன்னு தெரியாம, தூணையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கிட்டு நின்னான்.

நாங்க கை நீட்டல.